முதல் பிடி மிஷினுக்கு

காலை ஏழரை மணி இருக்கும். கிருஷ்ணகிரி வீட்டில் பல் துலக்கிவிட்டுக் காபிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ஓசூரிலிருந்து நாராயணப்பாவின் மகன். "கணக்கு மாமா, அப்பா போயிட்டாருங்க. காபி குடிச்சாரு, பேப்பர் கேட்டாரு. நான் எடுத்துக்கினு வர்றதுக்குள்ள…" நாராயணப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை. காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர்.

ஓசூர்ப் பள்ளியில் அவரிடம் டிரில் கற்றவர்களுக்கு அவருடைய விசில் தெரியும், காக்கி அரைக்கால் சட்டை தெரியும், வெயிலில் நிற்க வைத்ததும் தெரியும். ஐம்பதுகளில் அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, அவரோடு ஒரே வாடகை வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தவன் நான். எனக்குத் தெரிந்தவர் கோழி மசாலா அரைத்த நாராயணப்பா. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதுகிற சாக்கில் ஒரு தப்பையும் ஒத்துக்கொள்ளப் போகிறேன். அது இத்தனை வருஷமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது.

நான் நாகரசம்பட்டிக்காரன். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். சமையல் என்றால் தட்டின் முன்னால் உட்காருவது என்றுதான் எனக்குத் தெரியும். நாராயணப்பாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. வீட்டுப் பேச்சு கன்னடம், பள்ளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அடுப்படி அவருடைய ராஜ்ஜியம். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் மல்லி வறுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டிரில்லுக்கு எண்ணுகிற மாதிரியே எண்ணிக்கொண்டு வறுத்தார். மல்லிக்கு எண்பது. மிளகுக்கு முப்பது. சீரகத்துக்கு இருபது, அதற்கு மேல் ஒன்றுகூடப் போகாது. கசகசாவுக்குப் பத்து எண்ணுவதற்குள் சட்டி கீழே இறங்கிவிடும்.

"எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி வறுத்துட்டா வேலை சுளுவா முடியுமே, மாஸ்டர்?" என்றேன்.

"அய்யே! ஒண்ணாங் கிளாஸையும் எட்டாங் கிளாஸையும் ஒரே வரிசையில நிக்க வெச்சு ஓட வுடுவியா நீ? ஒண்ணு கருகும், ஒண்ணு பச்சையா நிக்கும். இன்னா கணக்கு வாத்தியாரோ போ!"

மிளகாயில்கூட அவருக்கு இரண்டு கட்சி. நிறத்துக்குப் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும் சுருக்கம் விழுந்த நீள மிளகாய், காரத்துக்கு நம் ஊர்க் குண்டு மிளகாய். பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு எல்லாம் அவர் வீட்டு வழக்கம். சோம்பு மட்டும் என் பிடிவாதம். சோம்பு இல்லாத கோழிக் குழம்பைக் குழம்பு என்று சொல்ல என் நாக்கு சம்மதிக்காது. இரண்டு வாரம் சண்டை போட்டு ஒரு கரண்டி சோம்புக்கு இடம் வாங்கினேன். வறுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பள்ளி மைதானத்து ஓரத்தில் வேட்டி விரித்துக் காயப்போடுவார். காக்கை வந்தால் விசில் அடிப்பார். ஒரு சனிக்கிழமை பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காக்கைக்கு அடித்த விசிலைக் கேட்டு ஏழாம் வகுப்பு மொத்தமும் எழுந்து விறைப்பாக நின்றது. தலைமை ஆசிரியர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். மாஸ்டரோ, "காக்கா ஒண்ணுதான் சார் என் பேச்சக் கேக்கல" என்றார்.

அந்தக் காலத்தில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மாவு மில். அரைக்கும் மிஷினும் ஒன்றுதான். கேழ்வரகு, மிளகாய், சீயக்காய் எல்லாம் அதன் வாயில்தான் போக வேண்டும். முன்னால் அரைத்தவர் சரக்கில் ஒரு பிடியாவது கல்லுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் நாராயணப்பா எப்போதும் ஒரு பிடி மல்லியைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவார். முதலில் அதை மட்டும் போட்டு ஓட்டி, வந்த தூளைக் கீழே கொட்டிவிடச் சொல்வார். அதற்கப்புறம்தான் மசாலா. "மொதப் புடி மிஷினுக்கு, மீதிதான் நம்பளுக்கு" என்பார். எனக்கு வயிறு எரியும். நல்ல மல்லியைக் கீழே கொட்டுகிறாரே மனுஷன் என்று.

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, தீபாவளிக்கு முந்தின வாரம். நாராயணப்பாவுக்கு ஓசூருக்குப் பக்கத்து ஊரான தளியில் பெண் அமைகிற மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. நிலம் இல்லை, வீட்டில் பெண்பிள்ளை இல்லை, தானே சமைத்துச் சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பெண் லட்சுமம்மாவை அவர் தளிச் சந்தையில் பார்த்திருக்கிறார். பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, எடை குறைத்த வியாபாரியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாளாம். வந்து என்னிடம், "கட்டுனா இவளத்தான் கட்டணும், வாத்தியாரே. இல்லேன்னா இந்த விசிலே போதும் எனக்கு" என்றார்.

பெண்ணின் தகப்பனார் கெம்பண்ணாவும் அத்தை சாக்கம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே அந்தக் கோழிக் குழம்பில்தான் அவருடைய கல்யாணம் இருந்தது.

சனிக்கிழமை அவருக்கு ஜலதோஷம். போதாக்குறைக்கு இன்ஸ்பெக்டர் வருகைக்கு டிரில் ஒத்திகை. வறுத்த சாமான்களையும் அந்தத் தனிப் பொட்டலத்தையும் பையில் போட்டு என்னை மில்லுக்கு அனுப்பினார். "மொதப் புடி தனியா, மறந்துடாத" என்று மூன்று தடவை சொன்னார். நான் என்ன செய்தேன்? ஒரு பிடி மல்லி வீணாகிறதே என்று கணக்குப் போட்டு, வழியிலேயே பொட்டலத்தைப் பிரித்து மற்றதோடு கலந்துவிட்டேன். எனக்கு முன்னால் அரைத்தது, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு மூட்டை நிறையச் சீயக்காய் கொண்டுவந்த ஒரு அம்மாள். மில்காரர் கேட்டார்: "மாஸ்டர் மொதப் புடி குடுத்து வுடலீங்களா?" "அதெல்லாம் வேணாம், போடு" என்றேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மூக்கடைத்த மாஸ்டர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வாசனை ஒன்றும் தெரியவில்லை, நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் விருந்தாளிகள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பில் கோழி கொதித்தது. மேலே வெள்ளையாக நுரை கட்டியது. மாஸ்டர் கரண்டியால் எடுத்துப் போட்டார். மறுபடி பொங்கியது. எடுக்க எடுக்க இன்னும் அதிகமாகப் பொங்கியது. தீபாவளி விடியற்காலையில் தலைக்குத் தேய்க்கும்போது வருமே ஒரு வாசனை, அது அடுப்படி முழுக்கப் பரவியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, மொதப் புடி?"

என் தலை தானாகக் குனிந்தது. திட்டுவார், கரண்டியாலேயே போடுவார் என்று நின்றேன். போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நீ வாயத் தொறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

"ஐயா, கோழி கெட்டுப் போச்சுங்க. சீயக்காய் ஓட்டுன மிஷின்ல மசாலாவ அரைச்சுட்டேன். தப்பு என்னுதுதான். வாயில வெக்க முடியாது."

சாக்கம்மா எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தார். நுரையைப் பார்த்தார். ஒரு விரல் தொட்டு நக்கினார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "அண்ணா, சோத்துல ஊத்திக்க வேணாம், தலைக்கு ஊத்திக்கலாம் வா!" என்றார். கெம்பண்ணா சிரிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அவர் கை அதன் பக்கம் போனபோது எனக்கு உயிரே போய் வந்தது.

சொம்பை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். "வேற கோழி கெடைக்குமா? சாயங்கால பஸ்ஸுக்குத்தான் போவணும். எங்களுக்கு அவசரம் இல்ல" என்றார்.

அன்று நான் ஓடிய ஓட்டத்தை டிரில் வகுப்பில்கூட யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். மூன்று தெரு தாண்டி ஒரு சேவலைக் கேட்டு வாங்கி, நானே பிடித்துக்கொண்டு வந்தேன். மாஸ்டர் திரும்ப வறுத்தார். அவர் எண்ண, சாக்கம்மா உரலில் இடித்தார். மூன்றரை மணிக்கு இலை போட்டோம். கெம்பண்ணா மூன்று தடவை குழம்பு கேட்டார். தை மாதத்தில் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தளியில் கெம்பண்ணா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். "மூணு வூடு பாத்தோம், சாமி. அல்லா வூட்லயும் அல்லாம் சரியாவே இருந்துச்சு. தப்பு நடந்தா ஆளு எப்படின்னு இவருகிட்டதான் பாத்தோம். ஒளிக்கல பாரு. அதுக்குத்தான் பொண்ணு குடுத்தேன்." உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால், தப்பை ஒத்துக்கொண்ட மாப்பிள்ளை பொய் சொன்ன மாப்பிள்ளையாகிவிடுவார். மாஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். "வுடு வாத்தியாரே. நுரை அடங்கிப் போச்சு. நீ திரும்பக் கலக்காத" என்றார்.

அன்றிலிருந்து தளியில் அவருக்குச் சீயக்காய் மாப்பிள்ளை என்று பெயர். லட்சுமம்மா விடுவாளா? வீட்டுக்கு யார் வந்தாலும், குழம்பு ஊற்றும்போதே அந்தக் கதையும் வரும். "ஒரு மசாலா அரைக்கத் தெரியல, ஊருக்கெல்லாம் அட்டென்ஷன் சொல்லிக் குடுக்கறாரு!" எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் மாஸ்டர்தான். சிரித்துவிட்டு ஓரக் கண்ணால் என்னை ஒரு தடவை பார்ப்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். பிள்ளைகள் வந்து, பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஓசூரைச் சுற்றி ஆலைகளும் வந்தன. அந்தக் கதை மட்டும் மாறவே இல்லை.

செய்தி வந்த அன்று நான் ஓசூர் போய்ச் சேர்ந்தபோது, லட்சுமம்மா மாஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இனியும் பொறுக்க என்னால் ஆகவில்லை. எண்பது வயதைத் தாண்டிய கிழவன், சிறுபிள்ளை மாதிரி அழுதுகொண்டே சொன்னேன். "அம்மா, அன்னிக்கு மில்லுக்குப் போனது நான். மொதப் புடி போடாம அரைச்சது நான். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

லட்சுமம்மா என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். "அட பாவி மனுஷா!" என்றார். "அம்பது வருஷத்துக்கு மேல உன்ன வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணிக்கினு இருந்தேனே. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுற்றி இருந்த பெண்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கணக்கு அண்ணா, காரியத்தன்னிக்கு அவருக்குக் கோழி படைக்கணும். மசாலா நீங்கதான் அரைச்சுக்கினு வரணும். வேற ஆளு கை படக் கூடாது."

அரைத்தேன். எண்ணி எண்ணி வறுத்தேன். மல்லிக்கு எண்பது, சீரகத்துக்கு இருபது. மில்லில் இப்போது கரண்டு மிஷின், மிளகாய்க்கு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. ஆனாலும் ஒரு பிடி மல்லியைத் தனிப் பொட்டலமாக நீட்டினேன். "இது எதுக்குங்க பெரியவரே?" என்று கேட்டார் மில் நடத்துகிற அம்மா. "இது மிஷினுக்கும்மா" என்றேன்.

காரியத்தன்று படத்துக்கு முன்னால் இலை போட்டு, லட்சுமம்மா தன் கையால் குழம்பு ஊற்றினார். குனிந்து உற்றுப் பார்த்தார். "நுரை இல்ல, மாஸ்டரே, பயப்படாம சாப்புடு" என்றார் படத்தைப் பார்த்து. வீடு மொத்தமும் சிரித்தது. மாஸ்டரும் இருந்திருந்தால் எல்லாரையும்விட உரக்கச் சிரித்திருப்பார். ஆனால் இந்தத் தடவை ஓரக் கண்ணால் என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பிடி மல்லிதான். இனி என் பையில் அது தனிப் பொட்டலமாகவே இருக்கும். மற்றதோடு கலக்க மாட்டேன்.