அம்மனுக்கு வேண்டிய உப்பு

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடம்பு பார்க்க வந்தவர்கள், ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பிரஷர் அதிகம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் நம்பவில்லை. மேட்டுச் சாமைக் காட்டுக்கு ஓடியே ஏறுகிற ஒல்லிப் பிள்ளை. அவளுக்கு ஏது ரத்தக்கொதிப்பு?

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "இன்னா தம்பி, எனக்கு வர வேண்டியத உம் பொண்ணு வாங்கிக்கினாளா?"

"ஓடிப்போய் உக்காந்திருப்பாக்கா, அதான் ஜாஸ்தி காட்டிக்கீது" என்றேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்து, அவள் கைக்குப் பொருந்துகிற பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். அதிகம்தான். வேறொரு நாள் பார்த்தபோதும் இறங்கவில்லை.

"இந்த வயசுல வந்தா கிட்னியப் பாத்துடணுங்க. கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போங்க" என்றார் நர்ஸம்மா.

கிட்னி என்றதும், தாயே மாரியம்மா, பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லையென்றால் உப்பும் மிளகும் கொட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் வாங்கிப் பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலில் அம்மன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் முழங்கையால் இடித்தாள். "வாய் அசையுதுப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "கிட்னி நல்லா இருக்குங்க" என்றார். கைகூப்பினேன்.

"ஆனா பிரஷர் இருக்கறது நெசம். இப்ப மாத்திரை வேணாம், உப்பக் கம்மி பண்ணுங்க. மாசாமாசம் வந்து காட்டணும். பாப்பா உப்பு ஜாஸ்தி சாப்பிடுமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். புளியங்காய்க்குத் தொட்டுக்கொள்ள ஜாமெட்ரி பாக்ஸில் உப்புப் பொட்டலம் வைத்திருப்பவள். உப்பு தீர்ந்தாலும் உள்ளங்கையை நக்குவாள். நான் எப்படிச் சொல்வது என்று தடுமாறுகையில் டாக்டரம்மா என் பையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க இது, இவ்ளோ உப்பு?"

"அம்மனுக்கு வேண்டுதலுங்க."

"அப்ப மொத்தமும் அம்மனுக்கே குடுத்துடுங்க. மிச்சம் மீதி வூட்டுக்குப் போவக் கூடாது" என்று சிரித்தார்.

எங்கள் ஊருக்கு மலையேறும் முன் அடிவாரத்து மாரியம்மன் கோயிலில் இறங்கினோம். "அம்மனுக்குக் கொதிப்பு வராதாப்பா?" என்றாள் மகள்.

"வாய மூடுடி. கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். பிறகு உப்பையும் மிளகையும் அவளே இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தபோது, உப்பு ஒட்டிய உள்ளங்கை அவள் வாய்வரை போயிருந்தது. என்னைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

தாயே, தினமும் அவளுக்கு இந்தப் புத்தியைக் கொடு என்று இன்னொரு தரம் கும்பிட்டேன்.