கலந்தர் காக்காவின் கன்னம்

துணியை எடுத்தவுடன் காரில் வைக்கமாட்டார். முதலில் தன் கன்னத்தில் வைத்து ஓர் இழுப்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசிப்பார். மனம் ஒப்பினால் துணி பொனட்டுக்குப் போகும். ஒப்பாவிட்டால் ஓர் உதறல், மறுபடியும் கன்னம். கல்முனையில் காற்றில்லாத நாளும் இல்லை, காற்றில் மணலில்லாத நாளும் இல்லை. "ஒரு குறுணி மண் போதும் தம்பி, பெயின்ட்ட பூனை பிறாண்டின மாதிரி ஆக்கிப்போடும்" என்பார் கலந்தர் காக்கா. நாடியில் ஒரு பிடி தாடி வைத்திருக்கிறார். கன்னங்களை மட்டும் நாள் தவறாமல் மழிக்கிறார். தொழிலுக்காகச் சவரம் செய்துகொள்ளும் இன்னொரு மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஷரிபுதீன் ஹாஜியாரின் நெல் மில்லை ஒட்டி அவருடைய கராஜ் இருக்கிறது. அங்கே கார் மினுக்குவதுதான் காக்காவின் வேலை. கடற்காற்று தின்று வெளுத்த வண்டிகள் அவர் கைக்கு வரும். அவர் குனிந்து பார்க்கும்போது தன் தொப்பியின் தையல் பொனட்டில் தெரியவேண்டும். தெரியாத வரைக்கும் சாவியைக் கொடுக்கமாட்டார். யாராவது ஆசைப்பட்டு விரலை நீட்டினால் வந்தது வினை. "கையால பார்க்காம கண்ணால பாருங்க வாப்பா!" ஒருமுறை ஹாஜியாரே தன் கறுப்பு ஒஸ்டின் காரைத் தடவப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். "கார் உங்கட, மினுக்கம் என்ட." முதலாளியிடம் இப்படிக் கதைக்க எனக்கெல்லாம் வாய் வராது.

அந்த ஹாஜியார்தான் போன வருஷம் கொழும்பிலிருந்து பொலிஷ் மெசின் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய கனம். முகத்தில் ஆட்டு ரோமத் தட்டு. மில் இஞ்சின் ஓடினால் டைனமோ ஓடும், டைனமோ ஓடினால் இதுவும் சுழலும். காக்கா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. நானும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவரோ மெசினை வாங்கி, தட்டைக் கழற்றி, அந்த ரோமத்தையும் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். "மாஷா அல்லாஹ், நல்ல சாமான்" என்றார். அன்றைக்கே பழகிவிட்டார். ஆனால் விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் அதைக் கொண்டுபோவதில்லை. அங்கே பெயின்ட் மெல்லிசு, மெசின் சூடேறித் தின்றுவிடும் என்கிறார். நடுப்பரப்பு மெசினுக்கு, ஓரம் கைக்கு. பாகப்பிரிவினை சண்டையில்லாமல் முடிந்தது.

அவருடைய மகள் கமீலாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பார்த்ததும் இந்தத் தொழிலால்தான். துடைக்கிற துணிக்காக அவர் கைத்தறிக்காரர் வீடுகளில் வெட்டுத்துண்டு வாங்குவார். ஒரு வீட்டுத் துணி மட்டும் கன்னத்துக்கு அவ்வளவு இதமாக இருந்ததாம். நெய்தது யார் என்று விசாரித்தார். றஸாக் என்ற பையன். முதலில் துணி பிடித்தது, பிறகுதான் பையன். சம்பந்தம் பேசும்போது மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "என்ட மருமகன் முகம் தெரியிற காரிலதான் என்ட வாசலுக்கு வருவார்" என்று சபையில் சொல்லிவிட்டார். ஹாஜியாரும் ஒஸ்டினைத் தருவதாக ஏற்றுக்கொண்டார். சொன்ன சொல் ஊரெல்லாம் பரவியது.

கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை, பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. முதல்நாளே மினுக்கினால் இரவு உப்புப்பனி குடித்துவிடும் என்று அன்று காலையில்தான் மெசினைக் கையில் எடுத்தார். ஓரங்களைக் கையாலும் கதவுகளை மெசினாலும் முடித்து, பொனட்டில் இடப்பாதிக்கு மினுக்கம் ஏற்றியிருப்பார். ஜும்மா தொழுகைக்காக மில் இஞ்சின் நின்றது. அது எல்லா வெள்ளியும் நிற்பதுதான். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இஞ்சினை முடுக்க ஆளில்லை. மில்லின் இஞ்சின்காரர் மீராசாஹிபுதான் எங்கள் பகுதியில் கலியாணச் சோறு ஆக்குவதிலும் பேர்போனவர். மகளின் கலியாணத்துக்கு அவரே ஆக்கவேண்டும் என்று வீடு தேடிப்போய்ச் சொன்னவர் கலந்தர் காக்காவேதான். தன் வாயாலேயே இஞ்சினை நிறுத்தியிருக்கிறார் மனிதர்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனேன். சோறு வேகும் பெரிய கிடாரத்துக்கு முன்னால் வியர்வையில் நின்றார் மீராசாஹிபு. "இப்ப விட்டுட்டு வந்தா சோறு குழைஞ்சிரும். காக்காக்கிட்ட கேட்டு வாங்க, நான் வாறன்" என்றார். வேலிக்கு அப்பாலிருந்து காக்காவின் மனைவி சபூறாவின் குரல் வந்தது. "மகளைக் கட்டிக் குடுக்கிற வாப்பாக்கு இண்டைக்கும் காரா பெரிசு? குளிக்க வரச்சொல்லுங்க!"

இரண்டையும் கொண்டுபோய்ச் சொன்னேன். காக்கா பொனட்டைப் பார்த்தார். அரைவாசி சவரம் செய்த முகம் மாதிரி இருந்தது அது. இப்படி ஒரு காரில் மாப்பிள்ளை வந்து இறங்கினால் கமீலாவின் காதுபடக் காலமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள்.

"சோறு குழையக்கூடாது தம்பி. மீராசாஹிபு அங்கேயே நிக்கட்டும்" என்றார். துணியைக் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார்.

பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது? காக்காவின் கை எப்போதும் நேர்கோட்டில் போகிற கை. மெசின் மினுக்கமோ வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாக ஓடும். நேராகத் தேய்த்தால் இரண்டு பாதியும் ஒட்டாது. இடப்பாதியில் முகத்தை வைத்து அந்த வட்டங்களைப் படித்தார். வலப்பாதியில் கையை வட்டமாகச் சுழற்றத் தொடங்கினார். "மெசின் என்னைப் பார்த்துப் பழகாது. நான்தான் அதப் பார்த்துப் பழகோணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தோள் சுழன்றது, மணிக்கட்டு சுழன்றது, மினுக்குகிற பசை, அந்தக் கொம்பவுண்ட், காய்ந்து துணி மாறியது. ஒவ்வொரு துணியும் கன்னம் வழியாகவே போனது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். இத்தனை வருஷம் பழகிய கையை ஒரு பின்நேரத்துக்குள் வேறு கையாக மாற்ற மனிதனால் முடியுமா? என் கண்முன்னால் நடந்தது. கடைசியாக மெழுகிட்டுத் துடைத்தபோது பொனட்டில் தென்னைகள் ஆடின. இரண்டு பாதிக்கும் நடுவில் கோட்டைத் தேடித் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

காரை எடுக்க வந்த ஹாஜியார் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெசினுக்குக் கறன்ட் எப்ப வந்த?" என்று கேட்டார்.

"நேரமாகுது, கெதியா எடுங்க ஹாஜியார். கை படாம" என்றார் காக்கா.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். பெண்கள் குரவையிட்டார்கள். ஒஸ்டினுக்கு முன்னால் நின்று தலைப்பாகையைச் சரிசெய்யாத ஆண்பிள்ளை அன்று ஊரில் இல்லை. காக்கா குளித்து, புதுச்சாரன் உடுத்தி, பாயில் வந்து உட்கார்ந்தார். வலது கை புடைத்துச் சிவந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. எத்தனை சவர்க்காரம் போட்டும் மெழுகு வாசம் போகவில்லை.

நிக்காஹ் நடத்த வந்த பள்ளிவாசல் கத்தீபு ஓதி முடித்து, "பொண்ணுட வாப்பா, மாப்பிள்ளைட கையப் புடிங்க" என்றார். றஸாக் கையை நீட்டினான். காக்காவின் கை பாதியில் நின்றது. சபை காத்திருந்தது. அவர் தன் உள்ளங்கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டினார்.