எனக்கு எரியாத சிவப்பு விளக்கு

இன்ஜினைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் அந்தக் காலத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கவயலில், மண் அள்ளும் பெரிய பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில், இன்ஜின் டெஸ்ட் செக்‌ஷனில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியிருந்தேன். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம், வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என் மனைவி சொன்னாள்: "ஏங்க, வண்டில அந்த செவப்பு லைட்டு எரிஞ்சி எரிஞ்சி அணையுதுங்க."

அவள் கோலார் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். தங்கவயலிலிருந்து அங்கே மாற்றல் ஆகியிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், எட்டு மணிக்குள் போகவேண்டும் என்பதால்தான் பழைய கார் ஒன்றை வாங்கினோம். எனக்குத் தொழிற்சாலை பஸ் உண்டு. கார் அவளுக்காகவே வந்தது. இரண்டே மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு தனியாகப் போய் வர ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொன்ன சிவப்பு விளக்கு ஆயில் விளக்கு. இன்ஜினுக்குள் ஆயில் போதிய அழுத்தத்தில் ஓடவில்லை என்றால்தான் அது எரியும். எரிந்தால் விளையாட்டில்லை. ஆயில் போகாத இன்ஜின் போகிற போக்கில் இறுகி நின்றுவிடும்.

உடனே ஆயில் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆண்டர்சன்பேட்டை பஜார்வரை ஒரு சுற்றுப் போய்வந்தேன். விளக்கு எரியவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் எரிந்தது என்றாள். விளக்குக்குப் போகும் ஒயரையும், இன்ஜினில் இருக்கும் ஆயில் சுவிட்சையும் புதிதாக மாற்றினேன். தீர்ந்தது கதை என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அடுத்த வாரமே, "இன்னைக்கும் எரிஞ்சிதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே கோலாருக்கு ஓட்டிப்போய்த் திரும்பினேன். பங்காரப்பேட்டை ரயில்வே கேட்டில் மட்டும் இருபது நிமிஷம். ஒரு ரயில் போய் இன்னொரு ரயில் வருகிறவரை இன்ஜினை அணைத்துவிட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். வீடு வந்து சேரும்வரை அந்த விளக்கு மூச்சு விடவில்லை.

"எங்க, எரியச் சொல்லு பாக்கலாம்" என்றேன். நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கோலாரிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கமிருந்து வரும். அது சிவப்புக் கண்ணாடியில் பட்டு மின்னுகிறது, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே! தொழிற்சாலை கேன்டீனில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வீட்டுக்குச் சாப்பிட வந்த அவள் தம்பியிடமும், அவளை வைத்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கு மட்டும் தரிசனம் குடுக்குற லைட்டுப்பா அது" என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை காரை எடுக்காமல் பஸ்ஸில் போனாள். அதற்கு மறுநாளும் பஸ். "வண்டிக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேனே" என்றால், "இருக்கட்டும்" என்பாள். ஐந்தரைக்குக் கிளம்புவாள். திரும்பி வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். வாரத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போறேன்" என்றாள். எனக்குப் பகீர் என்றது.

அந்த வாரம் தொழிற்சாலையில் ஒரு புகார் வந்தது. இன்ஜின் இழுக்கவில்லை என்று இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர் எழுதியிருந்தார். என்னோடு வேலை பார்த்தவர் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று கார்டில் எழுதிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "யார் புகார் குடுத்தாரோ அவரை சீட்டுல உக்கார வெச்சுப் பாத்தீங்களா? உங்க கைக்கு உங்க மாதிரிதானே ஓடும்?" என்று கத்தினேன். எங்கள் செக்‌ஷனில் அது சட்டம் மாதிரி. புகார் சொன்னவர் ஓட்டவேண்டும், நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். கத்தி முடித்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்தது. எதிரே நின்றவரின் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு, "நீ ஓட்டு. நான் சும்மா பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்றேன்.

"நான் எதுக்குங்க? எனக்குத்தான் கண்ணு செரியில்லயே."

தயவு செய்து என்ற சொல்லைக் கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் ஓட்டினாள். கியர் மாற்றும்போதெல்லாம் ஏதாவது சொல்ல எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன். கோலாருக்குப் போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது பங்காரப்பேட்டை கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். விளக்கு ஒருமுறை துடித்தது. அணைந்தது. பிறகு நிதானமாக எரிந்தது. வானம் மூடிக்கிடந்தது, வெயில் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவள் நேராகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஆஃப் பண்ணு" என்றேன். அணைத்தாள்.

"கேட்ல நீ ஆஃப் பண்றதே இல்லையா?"

"ஒருவாட்டி ஆஃப் பண்ணேன். திரும்ப ஸ்டார்ட் ஆவல. பின்னாடி லாரிக்காரன் இன்னா இன்னாவோ கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேருந்து ஆஃப் பண்றதில்ல."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு தூரம் ஓடிச் சூடான இன்ஜினில் ஆயில் நீர்த்துப்போயிருக்கும். வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் இன்னும் குறையும். கேட் திறந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஏறிவிடும், விளக்கும் அணைந்துவிடும். நான் அணைத்துவிட்டு வேர்க்கடலை தின்றவன். எனக்கு எப்படி எரியும்?

மறுநாளே ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தினார். இன்ஜின் நன்றாகச் சூடேறி மெதுவாக ஓடும்போது முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஆக, விளக்கு பொய் சொல்லவில்லை. அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் பேரிங்குகளின் மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருந்த செம்பு தெரிந்தது; அழுத்தம் நிற்காமல் ஆயில் அந்த இடைவெளியில் வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

"நல்ல வேள சார், அம்மா ஓட்டறத நிறுத்திட்டாங்க" என்றார் மெக்கானிக். "இன்னும் பத்து நாள் போயிருந்தாங்கன்னா நடுரோட்டுல இன்ஜின் புடிச்சிக்கினு நின்னிருக்கும். பின்னாடி லாரி கீரி வந்தா இன்னா ஆவறது?"

என் முகத்தில் ஈயாடவில்லை. அவளை நிறுத்தியது என் கெட்டிக்காரத்தனமா? இல்லை. நான் செய்த கேலி.

பேரிங் மாற்றி முடிய ஒரு வாரம் ஆயிற்று. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன். "எங்கிட்ட சொல்றது கெடக்கட்டும். சிரிச்சாங்களே, அவங்ககிட்ட போயி சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். கேன்டீனில் முன்பு சிரித்ததைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள். டெஸ்ட் செக்‌ஷன்காரரின் சொந்த வண்டியின் லட்சணம் இது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்கள். அவள் தம்பியை வீட்டுக்கு வரவழைத்து, அவள் எதிரிலேயே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இன்னா மாமா நீங்க, அக்காவுக்கு எதனா ஆயிருந்தா?" என்றான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"அந்த ரூம் விஷயம்?" என்று அவன் போனபிறகு மெல்லக் கேட்டேன்.

"பாக்கலாம்."

திங்கட்கிழமை காரில் போனாள். முதல் நாள்தானே, லீவு போட்டுக்கொண்டு நானும் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம் நான் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உள்ளே வந்து பையை வைத்தாள்.

"கேட்ல கால் மணி நேரம் நின்னேன். ஆஃப் பண்ணல. எரியல."

இன்ஜின் இன்னும் சூடாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஓடிப்போய் ஸ்டார்ட் செய்து ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாமா என்று கை துறுதுறுத்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டேன்.

பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கி ரூம் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள்.