மானிட்டர்மேல் ஒரு டம்ளர்

காலையில் வந்ததும் கலியமூர்த்தி முதலில் துடைப்பது கேபிளைத்தான். மேசையில் தூசி படிந்து கிடக்கும். அதற்கு அவர் கைக்குட்டை இறங்காது. கம்ப்யூட்டர்களை இணைத்துச் சுவரோரமாக ஓடும் கறுப்புக் கேபிளைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்தபடியே துடைத்துக்கொண்டு போவார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பிரிவில் இருப்பதும் அவர் ஒருவர்தான்.

யார் வந்தாலும் காட்சி உண்டு. ஃபேன் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட விடமாட்டார். "ஸ்டோர்ஸ்ல கீறது யூனிக்ஸ். அக்கவுண்ட்ஸ்ல கீறது விண்டோஸ். ரெண்டுக்கும் பாஷையே வேற நைனா. நான் லைன் இழுத்தேன், இன்னாமா பேசிக்கினு கீது பாரு!"

பேசுவதென்னவோ உண்மைதான். சரக்கு இருப்பு ஃபைல் யூனிக்ஸில் இருக்கிறது. ஸ்டோர்ஸில் லோகநாயகி அதைத் திறந்தால், வேறு யாரும் கைவைக்க முடியாதபடி யூனிக்ஸ் பூட்டிக்கொள்ளும். ஆனால் இந்த மேதாவி செய்துவைத்த இணைப்பில் அந்தப் பூட்டு விண்டோஸுக்குத் தெரியாது. அக்கவுண்ட்ஸில் பால்ராஜ் அதே ஃபைலைத் தாராளமாகத் திறப்பார். இரண்டு கதவுள்ள குளியலறையில் ஒன்றுக்கு மட்டும் தாழ்ப்பாள் வைத்த கதை. யார் கடைசியாகச் சேமிக்கிறாரோ அவர் அடித்தது நிற்கும். மற்றவர் அடித்தது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இருவர் மேசையும் கூடத்தின் இரு கோடியில்; பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் இருவரும் ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார்கள். அது யார் மானிட்டர்மேல் இருக்கிறதோ அவர் மட்டும் ஃபைலைத் திறக்கலாம். வேலை ஒழுங்காக நடந்தது.

கலியமூர்த்திக்கு அது மானப் பிரச்சினை. "இன்னாம்மா இது, டீக்கடையா? இவ்ளோ துட்டு கொட்டி நெட்வொர்க் போட்டா, டம்ளரை வெச்சுக்கினு குந்தினு கீறீங்களே!" என்று அதைப் பிடுங்கித் தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்துவிட்டார்.

அடுத்த வாரமே லோகநாயகி நாள் முழுக்க எண்ணி ஏற்றிய இருப்பு மொத்தமும் காணாமல் போயிற்று. காலையில் திறந்து வைத்த பழைய ஃபைலைப் பால்ராஜ் மாலையில் சேமித்திருந்தார். லோகநாயகி தற்காலிக ஊழியர்; அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகவேண்டும்.

"நான் சேவ் பண்ணிட்டுதான் சார் எழுந்தேன்."

"மிஷினு பொய் சொல்லாதும்மா" என்றார் கலியமூர்த்தி. முதலாளியிடம் போய், "ஆபரேட்டர் மிஸ்டேக் சார். என் லைன்ல ஒரு கொறையும் இல்ல" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் பேச்சு எடுபட்டது. நிரந்தரம் தள்ளிப்போனது. அந்தப் பெண் ஆவடியிலிருந்து ரயிலேறி வந்து பழையபடி தட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த மனிதரும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் பழையபடி கேபிளைத் துடைக்கிறார்.

நேற்று பால்ராஜ் லீவு. முதலாளி அவசரமாக ஒரு திருத்தம் கேட்கவே, கலியமூர்த்தியே அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அந்தச் சரக்கு இருப்பு ஃபைலைத் திறந்தார். இரண்டு வரி அடித்தார். எதிர்க் கோடியில் லோகநாயகியின் விரல்கள் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கை நின்றது. எழுந்து பானையடிக்குப் போனார். தாகம் போலும் என்றுதான் லோகநாயகி நினைத்தாள்.

டம்ளரை எடுத்தார், தண்ணீர் மொள்ளவில்லை. கேபிள் துடைக்கும் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்து, அவள் பக்கம் திரும்பாமல் நடந்து வந்து, தான் உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் மானிட்டர்மேல் வைத்துக்கொண்டார்.