கோதுமை படாத பார்பிக்யூ சாஸ்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்புவரை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். பொடி எழுத்து வராது. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி நித்யா எழுதுகிறாள்.

புதுச்சத்திரம் பைபாஸில் லாரிக்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் இருபத்தாறு வருடம் மசாலா அரைத்தேன். முதலாளி எல்லோர் சட்டியிலும் கரண்டி விட்டு ருசி பார்ப்பார். என் சட்டியில் பார்க்க மாட்டார். அது எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில் நடந்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். சமையலை வேலையாக எடுக்கும் சின்னப் பெண்களுக்கு உதவும்.

1. சேகர் கொண்டுவந்த வேலை

மெஸ்ஸில் பரோட்டா போட்டவரின் மகன் சேகர். இப்போது அதே பைபாஸில் கிரில் சிக்கன் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் காலையில் வந்தான்.

"பெரியம்மா, நம்ம கடைக்கு ஒரு அக்கா வாராங்க. முட்டைக் கம்பெனியில வேலை. அவங்க புள்ளைக்குக் கோதுமை ஆகாதாமுங்க. நான் தடவுற பார்பிக்யூ சாஸ்ல சோயா சாஸ் இருக்குது, சோயா சாஸ்ல கோதுமை இருக்குதாம். நீங்க ஊட்ல செஞ்சு குடுங்களேன்."

"பேரே வாயில நொழைய மாட்டேங்குது. நான் எங்கிருந்து செய்யறது?"

"பேரை உடுங்க. தக்காளித் தொக்கைக் கொஞ்சம் இனிப்பா, புளிப்பா, பொகை வாசத்தோட பண்ணோணும். அவ்வளவுதானுங்க."

மறுநாள் அந்தப் பெண் கோமதி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை பெயர் யாழினி, எட்டு வயது, ஆறு வயதுக்கான உடம்பு. கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது துளி உள்ளே போனாலும் இவளுக்கு வயிறு உப்பி, பேதியாகி, நாலு நாள் எழுந்திருக்க மாட்டாளாம். ஒவ்வொரு தடவையும் ஏறின எடை இறங்கிவிடுமாம்.

"பொறந்தநாளுக்கு எங்க போனாலும் இவ மட்டும் டிபன் பாக்ஸ்ல தயிர்சாதம் கொண்டுபோறாளுங்க" என்றாள் கோமதி.

"தயிர்சாதம் எனக்குப் புடிக்கும் பாட்டி. தெனமும் புடிக்காது" என்றாள் குழந்தை.

அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். கூட்டாளிப் பிள்ளைகள் தின்னும் அதே கோழியை, அதே தட்டில் அவளும் தின்ன வேண்டும். அதுதான் கேட்டார்கள்.

"என்ற கையில தப்பு நடக்காதுங்க அம்மிணி" என்றேன். இதை யாரும் கேட்காமலே சொன்னேன்.

2. செய்த விதம்

நாட்டுத் தக்காளி இரண்டு கிலோ. வேகவைத்து, தோல் உரித்து, அரைத்து வடிகட்டினேன். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி வதக்கி அரைத்துச் சேர்த்தேன். சோயா சாஸின் கறுப்புக்குப் பதிலாகப் பழம்புளிக் கரைசல். ஜேடர்பாளையம் பக்கத்து ஆலையில் வாங்கின உருண்டை வெல்லம். ஊறவைத்த வரமிளகாய், மிளகு, கடுகு அரைத்தது, உப்பு. இறக்கும் சமயம் வெள்ளை வினிகர்.

கெட்டியாக வேண்டும் என்று எந்த மாவும் கரைத்து ஊற்றவில்லை. சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம் கிண்டினேன். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு கூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

புகை வாசத்துக்குக் கொட்டாங்குச்சியைத் தணலாக்கி, ஒரு கிண்ணத்தில் வைத்து, சாஸின் நடுவில் இறக்கி, தணல்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுச் சட்டியை மூடினேன். ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கசக்கும்.

சட்டி, கரண்டி, வடிகட்டி எல்லாம் புதிது. சப்பாத்தி மாவு பட்ட பாத்திரம் எதையும் கிட்டத்தில் சேர்க்கவில்லை. சேகர் ஒரு விரல் நக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கடையில வெச்சா என்ற பாட்டிலை ஒருத்தனும் தொட மாட்டான்" என்றான்.

3. பிறந்தநாளுக்கு மறுநாள்

கோமதி வீட்டு வாசலிலேயே சேகர் அடுப்புப் போட்டான். புதுக் கம்பி, புது பிரஷ். யாழினி நாலு துண்டு தின்றாளாம்.

மறுநாள் குழந்தை படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

டாக்டர் சாஸில் என்னென்ன சேர்ந்தது என்று கேட்டதாக கோமதி போன் செய்தாள். நான் சொல்ல நித்யா எழுதி அனுப்பினாள். பன்னிரண்டு சாமான். எதிலும் கோதுமை இல்லை. அப்படியென்றால் தப்பு சேகருடையது என்று கோமதி முடிவு செய்துவிட்டாள். கடைப் பிரஷ்ஷைக் கொண்டுவந்து தடவிவிட்டான் என்று கடைக்கே போய், சாப்பிடுகிறவர்கள் முன்னால் பேசியிருக்கிறாள்.

சேகர் என்னிடம் வந்து உட்கார்ந்தான். "பிரஷ் புதுசு பெரியம்மா. கவர் பிரிச்சதை அந்த அக்காவே பாத்தாங்க. இப்ப அதையும் நம்ப மாட்டேங்கறாங்க."

நானும் என்ன சொன்னேன் தெரியுமா. "எதுக்கும் நல்லா யோசிச்சுப் பாரு சாமி" என்றேன். அவன் எழுந்து போனான்.

4. டப்பா

ஒரு வாரம் கழித்து, எங்கே பிசகியது என்று பார்ப்பதற்காக அதே சாஸை மறுபடி வைத்தேன். நித்யா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தக்காளி கொதி வந்தது. என் கை தானாக அலமாரிக்குப் போய், பெருங்காய டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டது.

"அம்மாயி, இது லிஸ்ட்ல இல்லீங்களே."

"பெருங்காயத்தை யாரு அம்மிணி சாமான் கணக்குல சேப்பாங்க? தக்காளி கொதிச்சா அதைப் போடறதுதானே."

அவள் டப்பாவை வாங்கி, போனில் படம் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். கோந்து, கோதுமை மாவு, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். கட்டிப் பெருங்காயத்தைத் தூளாக்க மாவு கலப்பார்களாம். ஐம்பது வருடமாக அந்த டப்பாவைத் தொடுகிறேன். எனக்குத் தெரியாது.

அடுப்பை அணைத்தேன். என் மகள் செல்வி சொன்னாள், "இனிமே போடாம உட்டாப் போச்சு. நீயாப் போயி எதுக்கம்மா சொல்லோணும்? உன்ற பேரு கெடும்."

"அவன் பேரு கெட்டுக் கெடக்குதே."

"அவன் சின்னப் பையன், தாங்கிக்குவான்."

"நான் கெழவி, நானும் தாங்கிக்குவேன்" என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

5. கோமதி வீட்டில்

டப்பாவை அவள் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் எழுத்தைப் படித்தாள்.

"நான் அந்த அண்ணனை என்னென்னவோ பேசிட்டனுங்களே" என்றாள்.

"உங்களைப் பேச வெச்சது நான்."

"அது சரிங்க. ஆனா என்ற புள்ள ரெண்டு கிலோ எறங்கிட்டா. இனி உங்ககிட்ட எதுவும் வேண்டாமுங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. சாயந்திரமே அவள் சேகர் கடைக்குப் போய், அதேபோல் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள் என்று அவனே வந்து சொன்னான். நானும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்க பெரியம்மா" என்றான்.

ஒன்றரை மாதம் கழித்து கோமதி வந்தாள்.

"யாழினி அந்தக் கோழியைத்தான் கேக்கறா. நான் உங்க அடுப்படியில நின்னு என்ற கையால செய்யட்டுமுங்களா? நீங்க வாயில மட்டும் சொல்லோணும்."

என் அடுப்படியில் இன்னொருத்தி கரண்டி பிடித்து, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். முதலில் ஒரு பலகை போட்டு, உப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் அதில் வைக்கச் சொன்னேன். கவரில் அச்சடித்திருந்ததையெல்லாம் நித்யா சத்தமாகப் படித்தாள். அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கோமதி இடுப்பில் சொருகச் சொன்னேன். தக்காளி கொதித்தபோது என் கை எழுந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கோழி தின்ற நாலாம் நாள் போன் வந்தது. பேசியது குழந்தை. "பாட்டி, நான் இஸ்கூல்ல இருந்து வந்துட்டேன். வயிறு ஒண்ணும் பண்ணல. போன தடவை இதைவிட வாசமா இருந்துச்சு."

வாசம் குறைவுதான். பெருங்காயம் இல்லையே.

பெண்களே, இப்படி வயிறு உள்ளவர்களுக்குச் சமைத்தால், பலகையில் வைக்காதது சட்டியில் விழக்கூடாது. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவள்தான் இதில் அதிகம் தப்புச் செய்வாள். அவள் கைக்கு யோசிக்காமல் போடத் தெரியும்.

நித்யா, இவ்வளவுதான் சாமி. மொதல்ல இருந்து படி. சேகருகிட்ட நான் 'நல்லா யோசிச்சுப் பாரு'ன்னு சொன்னதை எழுதினியா? அதை உட்டுருந்தா எழுது.