முப்பத்திரண்டு பிட்

மடவளையிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பஸீஹாவுக்குப் பிடிவாதம் அதிகம். ஆய்வுகூடத்தில் நான்கு வருடமாக அடுத்த மேசையில் இருந்து அவஸ்தைப்பட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பின் கணக்கு நிரலை ஒரு கம்பனி வேகமாக்கி எழுதியிருந்தது. வகுத்தலை எடுத்துவிட்டு, அதே விடை வரும்படி ஒரு பெரிய எண்ணால் பெருக்கிக் கடைசி இலக்கங்களை வெட்டிவிடுவது. பழையதும் புதியதும் எப்போதும் ஒரே விடை தருமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கணக்குக்குள் போகும் இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் தர்க்கத்தாலேயே தீர்த்துச் சொல்லும் சோல்வர் என்ற மென்பொருளிடம் கேட்போம். எட்டு பிட், அதாவது எட்டே பூச்சியம்-ஒன்று இலக்கங்கள் கொண்ட சிறிய எண்களுக்கு உடனே பதில் வந்தது. பதினாறுக்கு முழுநாள் எடுத்தது. பம்பில் ஓடுவதோ முப்பத்திரண்டு. அதற்கு மூன்று வாரம் ஓடியும் சோல்வர் வாய் திறக்கவில்லை.

ஆறு வாரத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை. வழிகாட்டி விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். நல்லவர், அவசரக்காரர்.

“பதினாறோட நிப்பாட்டும் பிள்ளை. அதில ரெண்டும் ஒண்டு எண்டு வந்திட்டுது. முப்பத்திரண்டிலயும் அப்பிடித்தான் இருக்கும்.”

“ஈக்கும் எண்டு செல்லி எழுத ஏலா சேர். பாக்கோணும்.”

எனக்கே எரிச்சல் வந்தது. தலைக்கனமா என்று கேட்டேன். அவள் சோல்வர் எங்கே நிற்கிறது என்று வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினாள்.

பெருக்கலைத் தனித்தனிப் பிட்களாக உடைத்துக் கொட்டுவதால்தான் சோல்வர் திணறுகிறது என்று கண்டுபிடித்தாள். உடைப்பதை நிறுத்தி, உள்ளே நடப்பதைக் காட்டாமல் பெருக்கலை மூடிய பெட்டியாகவே கொடுத்தாள். சோல்வர் தப்பாக ஊகிக்கும்போது மட்டும், ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றைதான் என்பதுபோல ஓர் உண்மையைச் சேர்த்தாள். எந்த உண்மை உதவும், எது சுமை என்று பிரித்தறியவே ஐந்து வாரம் போனது.

ஆறாம் வாரத் திங்கட்கிழமை, பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆதாரமாக, எந்த இரண்டு எண்களைப் போட்டால் விடை மாறும் என்பதையும் தந்தது. அவற்றைக் கொடுத்து நிரல்களை ஓட்டினோம். பழையது நாற்பது என்றது, புதியது நாற்பத்தொன்று. பதினாறு பிட்டுக்குக் குறைத்தபோது அந்தப் பெரிய எண்ணையும் குறைத்திருந்தோம். பிழை அதோடு மறைந்துவிட்டது. குறைத்துக் கொடுத்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது.

விவேகானந்தன் இரண்டு விடைகளையும் உற்றுப் பார்த்தார்.

“ஓம், வித்தியாசம் இருக்கு. ஆனா ஒரு இடத்திலதானே. அரிதாத்தான் வரும் எண்டு எழுதுமன்.”

“அரிது எண்டு நான் நிரூபிக்கல்ல சேர். பிழை எண்டுதான் நிரூபிச்சீக்கிறன்.”

அவர் ஆய்வேட்டை ஒப்படைக்கும் படிவத்தை முன்னால் இழுத்தார். பிறகு பேனையை எடுத்துக் கையெழுத்திட்டார்.