பிரேக் அக்காவின் மரக்கரண்டி

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கி முடிவதற்குள் பேருந்து ஓட்டும் பிரேக் அக்கா, தன் இருக்கைக்கு அடியிலிருந்து பாதி செதுக்கிய கரண்டியை எடுத்துவிடுகிறார். மடியில் பழைய துண்டு. கத்தி சீவச் சீவ, மரச் சுருள்கள் கிளச்சின் மேல் விழுகின்றன. "வண்டி எப்பக்கா கிளம்பும்?" என்று யாராவது அவசரப்பட்டால், "இந்தப் பூவுக்கு இன்னும் ஒரே ஒரு இதழ்தான், உக்காருங்க" என்கிறார். பேச்சுத்தான் அப்படி, வண்டி ஒருநாளும் தாமதமாகக் கிளம்பியதில்லை.

பணிமனையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அக்காவின் பரிசு மரக்கரண்டிதான். சமைக்க அல்ல, சுவரில் மாட்ட. கைப்பிடியில் இருப்பதற்கெல்லாம் அர்த்தம் உண்டு. பூட்டு என்றால், வீட்டுச் சண்டை வீட்டோடு. சக்கரம் என்றால், உனக்காக ஓடுவேன். ஒரே கட்டையில் குடைந்தெடுத்த சங்கிலி என்றால், இனி தப்பிக்க முடியாது. யாருக்கு எது தேவை என்பதை அக்காவே முடிவு செய்வார். வாய் ஓயாத டிக்கெட் பரிசோதகருக்கு இரண்டு பெரிய காதுகள் செதுக்கிக் கொடுத்தார். "என்னக்கா இது?" என்று அவர் விழிக்க, "பொண்டாட்டி பேசும்போது எடுத்து மாட்டிக்க" என்றார்.

"ஊருக்கெல்லாம் செதுக்குறீங்களே, உங்களுக்கு எப்ப?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இந்த ஓட்டை வண்டியோடவே தினம் மல்லுக்கு நிக்கிறேன். இதுல மனுஷன் வேறயா?"

பழைய பெஞ்சுப் பலகைகளில் வெடிப்பில்லாத துண்டாகப் பார்த்து அவருக்கு எடுத்து வைப்பவர் மெக்கானிக். மனைவியை இழந்து வெகுகாலமானவர். பணிமனையில் அக்காவை 'அக்கா' என்று கூப்பிடாத ஒரே ஆள். "இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதமும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க, எனக்கு ஒரு கரண்டி வேணும்."

அக்காவின் கத்தி நின்றது. "யாருக்குக் குடுக்க?"

"ஒருத்தங்களுக்கு. இன்னும் கேக்கலை. கரண்டியைக் குடுத்துட்டுத்தான் கேக்கணும்."

"ஆள் எப்படி?"

"கோவம் வந்தா பக்கத்துல நிக்க முடியாது. ஆனா அவங்க பேச்சு காதுல விழலைன்னா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது."

"நல்லா மாட்டினீங்க, போங்க."

அன்று அக்கா போட்ட பிரேக்குகளில், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். எவளோ ஒரு மகராசிக்காக என் விரல் தேய வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே செதுக்கினார். சக்கரமும் சங்கிலியும் அவர் இதுவரை செதுக்கியதிலேயே அழகாக வந்து தொலைத்தன. காகிதத்தில் சுற்றி மெக்கானிக்கின் கையில் திணித்தார்.

"போய்க் குடுங்க. நல்லா இருங்க."

மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாங்கிய கையோடு, அதை அக்காவிடமே நீட்டினார்.

"குடுத்துட்டேன். இப்பக் கேக்கட்டுமா?"

அக்காவுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "என் கரண்டியை என்னையே செதுக்க வெச்சீங்களா?"

"வேற யாருக்கு அந்தக் கை வரும்? பதில் சொல்லுங்க."

அக்கா காகிதத்தைப் பிரித்தார். கரண்டியைத் திருப்பினார். வரப்போகிறவள் விரலில் சிலாம்பு ஏறட்டும் என்று வேண்டுமென்றே தேய்க்காமல் விட்டிருந்த பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, தலை நிமிராமல் தேய்க்க ஆரம்பித்தார்.